விலக்கலும் பயிற்றலும்: இந்திய நகர்மன்ற வரலாற்றில் உறுப்பினர் தகுதி பற்றிய சிந்தனை

முன்னுரை

தேர்தலில் வென்ற ஒருவர் நகர்மன்றத்தில் முதன்முறையாக அமரும்போது அவர்முன் வைக்கப்படுவன வரவு செலவுத் திட்டம், கூட்டப்பொருள் நிரல், தணிக்கைத் தடைகள், ஒப்பந்தப்புள்ளிக் கோப்புகள் முதலியன. இவற்றைப் படித்துப் பொருள் கொள்ளும் பழக்கம் அவருக்கு முன்னரே வாய்த்திருக்க வேண்டும் என்பதில்லை. தேர்தல் அவருக்கு உரிமையை வழங்குகிறது. அவ்வுரிமையைச் செலுத்தும் முறையைக் கற்பிப்பதில்லை. இந்த இடைவெளியை எவ்வாறு நிரப்புவது என்னும் வினா இந்திய உள்ளாட்சி வரலாற்றில் மீண்டும் மீண்டும் எழுந்துள்ளது.

இவ்வினாவிற்கு வரலாற்றில் இருவகை விடைகள் கிடைக்கின்றன. அறியாதவரை மன்றத்தினுள் நுழையவிடாது தடுத்தல் ஒன்று. நுழைந்தவர்க்கு அறிவும் துணையும் அளித்தல் மற்றொன்று. முன்னதை விலக்கல் என்றும் பின்னதைப் பயிற்றல் என்றும் இக்கட்டுரை குறிக்கிறது. இவ்விரு போக்குகளும் நகர்மன்ற வரலாற்றில் எவ்வெவ்வாறு இடம்பெற்றன என்பதையும், பயிற்றல் பயன்தருவதற்கு எத்தகைய சூழல் வேண்டும் என்பதையும் கேரளத்தில் 1996-இல் தொடங்கிய மக்கள் திட்டமிடல் இயக்கத்தைச் சிறப்பு எடுத்துக்காட்டாகக் கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தகுதியே வாயில்: உத்திரமேரூர்ச் சான்று

உள்ளாட்சி பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் நினைவுகூரப்படுவது வழக்கம். முதலாம் பராந்தகனின் 12, 14-ஆம் ஆட்சியாண்டுகளில் (கி.பி. 919, 921) பொறிக்கப்பட்ட இவை, முப்பது குடும்புகளிலிருந்து குடவோலை முறையில் வாரிய உறுப்பினரைத் தேர்ந்த முறையை விரிவாகக் கூறுகின்றன. இவற்றை மக்களாட்சியின் தொன்மைக்குச் சான்றாகக் காட்டுவோர், அவற்றில் உள்ள தகுதி விதிகளைப் பெரிதும் கருதுவதில்லை. கால்வேலிக்கு மேற்பட்ட இறை செலுத்தும் நிலம், சொந்த மனையில் எடுத்த வீடு, முப்பத்தைந்திற்கு மேற்பட்டு எழுபதிற்கு உட்பட்ட அகவை, மந்திர பிராமணம் கற்றிருத்தல் ஆகியன அங்கே வேண்டப்பட்டன. வேதப் பயிற்சி மிகுந்தோர்க்கு நிலத்தின் அளவு அரைக்கால் வேலியாகக் குறைக்கப்பட்டது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் விலக்கப்பட்டனர்.

கணக்குக் காட்டாதவரை விலக்கிய விதி இன்றும் போற்றத்தக்கது. ஆயினும் அது பிரமதேய ஊரின் சபை என்பதை மறத்தல் ஆகாது. அங்கு அறிவு என்பது மன்றத்திற்குள் பெறப்படுவதன்று. மன்றத்தின் வாயிலில் சோதிக்கப்படுவது. நிலமும் கல்வியும் இல்லாதார், பெண்டிர் ஆகியோர் அவ்வாயிலைக் கடக்க இயலவில்லை. விலக்கல் நெறியின் செப்பமான வடிவம் இது எனலாம். நிருவாக ஒழுங்கு இதனால் கிட்டியிருக்கலாம். அனைவருக்குமான மக்களாட்சி கிட்டவில்லை.

ஆட்சியே பள்ளி: ரிப்பன் தீர்மானமும் அதன் பின்னும்

ஆங்கிலேயர் காலத்து நகராட்சிகள் வரி தண்டும் தேவையிலிருந்து பிறந்தவை. 1687-இல் வழங்கப்பட்ட பட்டயத்தின்படி 1688-இல் சென்னையில் மாநகராட்சி தொடங்கியபோதே, மக்களைக் கொண்டே வரி பெறலாம் என்னும் எதிர்பார்ப்பு கம்பெனிக்கு இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நகராட்சிகளிலும் நியமன உறுப்பினர்களும் மாவட்ட ஆட்சியரின் தலைமையுமே ஓங்கி நின்றன. இந்தியர் தன்னாட்சிக்கு இன்னும் பக்குவப்படவில்லை என்பது அதற்குக் கூறப்பட்ட காரணம்.

இவ்வாதத்தைத் தலைகீழாக்கியது ரிப்பன் பிரபுவின் 1882 மே 18-ஆம் நாள் தீர்மானம். நிருவாகத்தைச் செம்மைப்படுத்துவதைவிட அரசியல் கல்வியையும் மக்கள் கல்வியையும் அளிக்கும் கருவியாக உள்ளாட்சி விளங்க வேண்டும் என்பது அதன் உள்ளக்கிடக்கை. தொடக்கத்தில் தவறுகள் நேரும் என்பதை அது ஒப்புக்கொண்டது. பட்டறிவு வளர வளர அவை குறையும் என்று எதிர்பார்த்தது. அலுவல்சார் உறுப்பினர் மூன்றில் ஒரு பங்கிற்கு மிகலாகாது, இயன்ற இடங்களில் தலைவரும் அலுவலர் அல்லாதவராக இருத்தல் வேண்டும் என்பன அதன் பரிந்துரைகள். பக்குவம் வந்தபின் அதிகாரம் என்னும் வரிசை மாறி, அதிகாரத்தின் வழியே பக்குவம் என்னும் கருத்து அரசு ஆவணம் ஒன்றில் இடம்பெற்றது குறிப்பிடத்தக்கது.

மாகாண அரசுகள் இத்தீர்மானத்தை முழுமையாக நடைமுறைப்படுத்தவில்லை. வாக்குரிமை சொத்துடையோர்க்கும் வரி செலுத்துவோர்க்கும் உரியதாகவே நின்றது. 1888-ஆம் ஆண்டுப் பம்பாய் மாநகராட்சிச் சட்டம் செயலாட்சி அதிகாரத்தை அரசு அமர்த்தும் ஆணையரிடம் ஒப்படைத்தது. மன்றம் விவாதிக்கும், ஆணையர் செயற்படுத்துவார் என்னும் இப்பிரிவினை இன்றும் பல மாநகராட்சிகளில் தொடர்வது கருதற்குரியது.

ஆயினும் ரிப்பனின் எதிர்பார்ப்பு ஒருவகையில் மெய்யாயிற்று. இராசாசி சேலத்திலும் பெரியார் ஈரோட்டிலும் நகராட்சித் தலைவர்களாகப் பணியாற்றி 1919 அளவில் அப்பொறுப்புகளிலிருந்து விலகினர். 1923-ஆம் ஆண்டின் கல்கத்தா நகராட்சிச் சட்டத்திற்குப் பின் 1924-இல் சித்தரஞ்சன் தாசு அந்நகரின் மேயரானார். இருபத்தேழு அகவையினரான சுபாசு சந்திர போசு அதன் தலைமைச் செயல் அலுவலரானார். சவகர்லால் நேரு அலகாபாத்திலும் வல்லபபாய் பட்டேல் அகமதாபாத்திலும் அதே காலப்பகுதியில் நகராட்சித் தலைமை ஏற்றனர். கழிவுநீர், குடிநீர், தெருவிளக்கு ஆகியவற்றின் கணக்குகளோடு பழகியவர்களே பின்னர் நாட்டரசியலை நடத்தினர். எனினும் இவர்களிற் பலர் சட்டம் பயின்றவர்கள். ஏனையோரும் செல்வமும் சமூகச் செல்வாக்கும் உடையவர்கள். ஆட்சியே இவர்களுக்குப் பள்ளியாக அமைந்தது என்றால், அப்பள்ளியில் சேர்வதற்கான வசதி இவர்களிடம் முன்னரே இருந்தது என்பதும் உண்மை. 1926-இல் பம்பாயில் அனைத்திந்திய உள்ளாட்சி நிறுவனம் தோன்றியமை, பட்டறிவு மட்டும் போதாது, முறையான பயிற்சியும் வேண்டும் என்னும் உணர்வின் தொடக்கமாகக் கொள்ளத்தக்கது.

விடுதலைக்குப் பின்: அலுவலர்க்குப் பயிற்சி, மன்றத்திற்குக் கலைப்பு

விடுதலைக்குப்பின் சொத்துத் தகுதி நீங்கி, அகவை வந்தோர் அனைவரும் வாக்களிக்கும் முறை நகராட்சிகளிலும் நிலைபெற்றது. ஆனால் அரசியல் சட்டத்தின் 40-ஆம் உறுப்பு ஊராட்சிகளைப் பற்றி மட்டுமே பேசியது. நகராட்சிகள் மாநிலச் சட்டங்களின் விருப்பத்திற்கு விடப்பட்டன. திறமையின்மை, கடமை தவறுதல், அதிகார மீறல் என்பவற்றைக் காட்டி மன்றத்தைக் கலைக்கும் அதிகாரம் மாநில அரசுகளிடம் இருந்தது. சென்னை மாநகராட்சி மன்றம் 1973-இல் கலைக்கப்பட்டபின் அடுத்த தேர்தலை 1996-இல்தான் கண்டது. இருபத்துமூன்று ஆண்டுகள் என்பது ஒரு தலைமுறைக் காலம். இக்காலப்பகுதியில் மன்ற நடைமுறையை மூத்த உறுப்பினரிடமிருந்து இளைய உறுப்பினர் கற்கும் இயல்பான தொடர்ச்சி அறுந்தது. திறமையின்மையைக் காரணமாகக் காட்டும் கலைப்பு, திறமை வளரும் வழியையே அடைத்துவிடுகிறது என்பது இங்கே தெளிவாகிறது.

பயிற்சி பற்றிய சிந்தனை இக்காலத்தில் இல்லாமல் இல்லை. 1963-இல் நூருத்தீன் அகமது தலைமையிலான குழு தன் அறிக்கையை அளித்தது. அறுபதுகளின் பிற்பகுதியில் தில்லியின் இந்தியப் பொது ஆட்சியியல் நிறுவனத்திலும் வட்டார அளவிலான மையங்களிலும் நகராட்சிப் பயிற்சிக்கு ஏற்பாடுகள் நடந்தன. 1976-இல் தேசிய நகரியல் நிறுவனம் தோன்றியது. ஆனால் 1963-ஆம் ஆண்டுக் குழுவின் பெயரே நகராட்சிப் பணியாளர் பயிற்சிக் குழு என்பதாகும். நிலையாக இருப்பவர் அலுவலர், வந்து போகிறவர் உறுப்பினர் என்னும் எண்ணம் அக்காலப் பயிற்சிக் கொள்கையின் அடியில் இருந்ததாகக் கருத இடமுண்டு. இதன் விளைவாக மன்றத்தில் அறிவின் சமநிலை மேலும் அலுவலர் பக்கமே சாய்ந்தது.

எழுபத்துநான்காம் திருத்தமும் புதியவர் வரவும்

1989-இல் கொண்டுவரப்பட்ட நகராட்சி மசோதா மாநிலங்களவையில் தோற்றது. பின்னர் 1992 திசம்பரில் நிறைவேறி 1993 சூன் 1-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த 74-ஆம் திருத்தம், நகராட்சிகளுக்கு அரசியல் சட்டத்தில் இடமளித்தது. ஐந்தாண்டுப் பதவிக்காலம், கலைக்கப்பட்டால் ஆறு மாதத்திற்குள் தேர்தல், மாநிலத் தேர்தல் ஆணையம், மாநில நிதி ஆணையம், மூன்று இலக்கத்திற்கு மேற்பட்ட மக்கள்தொகை கொண்ட நகரங்களில் வார்டுக் குழுக்கள், பன்னிரண்டாம் அட்டவணையில் 18 பணிகள் ஆகியன அதன் கூறுகள்.

இவையனைத்தினும் ஆழமான மாற்றத்தை விளைவித்தது இடஒதுக்கீடே. மகளிர்க்கு மூன்றில் ஒரு பங்கிற்குக் குறையாத இடமும், பட்டியல் சாதியினர்க்கும் பழங்குடியினர்க்கும் மக்கள்தொகை விழுக்காட்டின்படி இடமும் கட்டாயமாயின. கோப்பையும் கூட்ட மேடையையும் முன்பு அறியாத பல்லாயிரவர் ஒரே தேர்தலில் மன்றங்களுக்குள் வந்தனர். உத்திரமேரூரின் வாயில் இப்போது திறந்துவிட்டது. உள்ளே வந்தவர்க்குக் கற்பிக்கும் கடமை யாருடையது என்பதைத் திருத்தம் கூறவில்லை. பெண் உறுப்பினரின் இருக்கையில் கணவரோ மைத்துனரோ அமர்ந்து பேசும் காட்சி ஏளனத்திற்குள்ளானது. அவ்வுறுப்பினர்க்குச் சட்டநூலையோ வரவு செலவுப் படிவத்தையோ அவர் மொழியில் விளக்கியவர் யார் என்னும் கேள்வி அந்த அளவிற்கு எழவில்லை.

கேரளம்: அதிகாரத்தோடு வந்த பயிற்சி

மேற்கண்ட கேள்விக்கு விரிவான விடையொன்றைத் தந்தது கேரளம். 1994-இல் நகராட்சிச் சட்டமும் 1995-இல் தேர்தலும் நிறைவேறியபின், 1996 ஆகத்து 17, சிங்கம் முதல் நாளன்று மக்கள் திட்டமிடல் இயக்கம் தொடங்கப்பட்டது. மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காடு வரை உள்ளாட்சிகளின் திட்டங்களுக்கு ஒதுக்கப்படும் என அறிவிக்கப்பட்டது. எந்த நகராட்சிக்கு எவ்வளவு என்பது வரவு செலவு அறிக்கையின் நான்காம் இணைப்பில் பெயர் சுட்டி அச்சிடப்பட்டது. அன்று அங்கிருந்த உள்ளாட்சிகள் 1,214. அவற்றுள் நகராட்சிகள் 55, மாநகராட்சிகள் 3.

இவ்வியக்கத்தின் தனித்தன்மை பணத்தின் அளவில் மட்டும் இல்லை; பயிற்சியின் அமைப்பிலும் உள்ளது. முதலாண்டில் மாநிலம், மாவட்டம், உள்ளூர் என்னும் மூன்று நிலைகளில் ஏழு சுற்றுகளாகப் பயிற்சி நடந்தது. மாநில நிலையில் ஏறத்தாழ 600 பேர் இருபது நாள் அளவிலும், மாவட்ட நிலையில் ஏறத்தாழ 12,000 பேர் பத்து நாளும், உள்ளூர் நிலையில் ஓர் இலக்கத்திற்கு மேற்பட்டோர் குறைந்தது ஐந்து நாளும் பயிற்சி பெற்றனர். இவர்களுள் ஏறத்தாழ 15,000 பேர் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள். 25,000 பேர் அலுவலர்கள். 75,000 பேர் தன்னார்வலர்கள். மேல்நிலையில் கற்றவர் கீழ்நிலையில் ஆசிரியராயினர். உறுப்பினரும் அலுவலரும் ஊர்த் தன்னார்வலரும் ஒரே பாடத்தைக் கற்றமை, முன்கண்ட அறிவுச் சமநிலைக் குறையைத் தீர்க்க முயன்ற ஏற்பாடாகும்.

பயிற்சியின் ஒவ்வொரு சுற்றும் அடுத்துச் செய்யவேண்டிய ஒரு பணியோடு பிணைக்கப்பட்டிருந்தது. ஊர்ப்புறத்தில் கிராம சபையையும் நகர்ப்புறத்தில் வார்டுக் கூட்டத்தையும் குழுக்களாகப் பிரித்து நடத்தும் முறை முதலில் கற்பிக்கப்பட்டது, கூட்டங்கள் நடந்தன. பின்னர்த் தரவு திரட்டி வளர்ச்சி அறிக்கை எழுதும் முறை கற்பிக்கப்பட்டது, அறிக்கைகள் எழுதப்பட்டன. அதன்பின் வளர்ச்சிக் கருத்தரங்கும், துறைவாரிப் பணிக்குழுக்களும், திட்ட அறிக்கை வரைதலும், மன்றத்தின் ஒப்புதலும், மாவட்டத் திட்டக் குழுவின் ஏற்பும் தொடர்ந்தன. கற்றதை மறுநாளே பயன்படுத்த வேண்டியிருந்ததால் பயிற்சி வெறும் சடங்காகவில்லை.

கற்றபின்னும் தொழில்நுட்ப ஐயங்கள் எழும் என்பது உணரப்பட்டது. ஓய்வுபெற்ற பொறியாளர், ஆசிரியர், வேளாண் அலுவலர் முதலியோர் தன்னார்வத் தொழில்நுட்பக் குழுவில் சேர்க்கப்பட்டுத் திட்டங்களைச் சரிபார்த்தனர். திருச்சூருக்கு அருகில் முளங்குன்னத்துக்காவில் 1990-இல் தோன்றிய கேரள உள்ளாட்சி நிறுவனம், பின்வந்த காலத்தில் இப்பயிற்சியை நிலையான பணியாக ஏற்றது. சத்தியபிரத சென் தலைமையில் அமைந்த அதிகாரப் பரவலாக்கக் குழுவின் பரிந்துரைகளையொட்டி 1999-இல் உள்ளாட்சிச் சட்டங்கள் திருத்தப்பட்டன.

குறைகளும் உள. ஊராட்சிகளில் கண்ட எழுச்சி நகரங்களில் அதே அளவில் அமையவில்லை. நகரத்து நடுத்தர வகுப்பினர் வார்டுக் கூட்டங்களுக்கு மிகுதியாக வரவில்லை. அண்டை வீட்டாரை அறியாத வாழ்க்கை முறையும் ஒரு காரணமாகலாம். முதலாண்டுத் திட்டங்கள் பலவற்றில் தரக்குறைவு காணப்பட்டமையே தொழில்நுட்பக் குழுவின் தேவையை உணர்த்தியது. தவறு நேர்ந்தபோது அதிகாரத்தைத் திரும்பப் பெறாமல் துணையைக் கூட்டினர் என்பதே இங்கு நோக்கத்தக்கது.

ஆலப்புழை: அயல்கூட்டம் முதல் மன்றம் வரை

நகர்ப்புறத்தில் பயிற்றல் எவ்வாறு வேர்கொள்ளும் என்பதற்கு ஆலப்புழை நகரம் நல்ல சான்று. 1990-களின் தொடக்கத்தில் அந்நகரின் ஏழு வார்டுகளில் ஏழை மகளிரை அண்டைக் குழுக்களாகத் திரட்டும் முயற்சி நடந்தது. அதுவும் மலப்புறத்தின் பட்டறிவும் 1998-இல் குடும்பஸ்ரீ இயக்கம் தோன்ற வழிவகுத்தன. அதன் அடித்தள அலகிற்கு அயல்கூட்டம் என்று பெயர். அயல், கூட்டம் ஆகிய இரண்டும் தமிழுக்கும் மலையாளத்திற்கும் பொதுவான சொற்கள். விளக்கமின்றியே எளிய மக்களுக்குப் புரிபவை. வாரந்தோறும் கூடிச் சேமிப்புக் கணக்கெழுதி, தீர்மானம் நிறைவேற்றிப் பழகிய மகளிர் பலர் பின்னர் உள்ளாட்சித் தேர்தல்களில் நின்று வென்றனர். 2010 தேர்தல்முதல் கேரளத்தில் மகளிர் ஒதுக்கீடு 50 விழுக்காடானபோது, மன்றத்திற்கு வெளியே கற்றுவந்த ஒரு தலைமுறை அணியமாக இருந்தது.

இதே நகரம் 2012-இல் பெரும் நெருக்கடியைச் சந்தித்தது. நகரின் குப்பை கொட்டப்பட்ட சர்வோதயபுரத்து மக்கள் போராடி வண்டிகளைத் தடுத்தனர். தெருக்களில் குப்பை தேங்கியது. வீட்டிலேயே குப்பையைப் பிரித்து, சாண எரிவாயுக் கலன் போன்ற கலன்களிலும் பொதுவிடத்து உரத்தொட்டிகளிலும் பதப்படுத்தும் முறைக்கு நகராட்சி மாறியது. பெரிய ஆலையொன்றை ஒப்பந்தம் விடுவதற்கு மன்றத்தின் ஒரு தீர்மானம் போதும். வீடுதோறும் பழக்கத்தை மாற்றுவதற்கோ வார்டு உறுப்பினர் ஒவ்வொருவரும் படியேறிப் பேச வேண்டும். 2017-இல் ஐக்கிய நாடுகள் அவையின் சுற்றுச்சூழல் அமைப்பு எடுத்துக்காட்டாகச் சுட்டிய ஐந்து நகரங்களுள் ஆலப்புழையும் ஒன்று.

இதனோடு 2005 திசம்பரில் நடுவண் அரசு தொடங்கிய சவகர்லால் நேரு தேசிய நகர்ப்புறப் புதுப்பிப்பு இயக்கத்தை ஒப்பிடலாம். பெருந்தொகை நகரங்களுக்கு வந்தது. ஆனால் நகர வளர்ச்சித் திட்ட அறிக்கைகள் பல இடங்களில் ஆலோசனை நிறுவனங்களால் ஆக்கப்பட்டன. உறுப்பினர் கற்கவேண்டிய பாடத்தை வெளியார் எழுதிக் கொடுத்தனர். அறிக்கை கிடைத்தது, அறிக்கை எழுதும் ஆற்றல் மன்றத்தில் தங்கவில்லை.

விலக்கலின் மீள்வருகை

விலக்கல் நெறி பழங்காலத்தோடு முடிந்துவிடவில்லை. இராசத்தானில் 2014 திசம்பரில் ஊராட்சித் தேர்தல்களுக்கும், 2015-இல் நகராட்சித் தேர்தல்களுக்கும் கல்வித் தகுதி விதிக்கப்பட்டது. நகராட்சி உறுப்பினராக நிற்பவர் பத்தாம் வகுப்புத் தேறியிருத்தல் வேண்டும் என்றாயிற்று. அரியானா ஊராட்சிகளுக்கு விதித்த கல்வித் தகுதியை 2015 திசம்பர் 10-இல் உச்சநீதிமன்றம் செல்லும் எனத் தீர்ப்பளித்தது. நன்மை தீமைகளைப் பகுத்தறியும் ஆற்றலைக் கல்வியே தருகிறது என்னும் கருத்து அத்தீர்ப்பில் இடம்பெற்றது. இராசத்தான் 2019-இல் தன் விதிகளை நீக்கியது.

சட்டமன்றத்திற்கும் நாடாளுமன்றத்திற்கும் இல்லாத தகுதி உள்ளாட்சிக்கு மட்டும் கேட்கப்பட்டது என்பது இங்கே முதன்மையான செய்தி. பள்ளிக்கல்வி மறுக்கப்பட்டோர் பெரும்பாலும் மகளிரும் ஒடுக்கப்பட்டோருமே. 74-ஆம் திருத்தம் இடஒதுக்கீட்டால் திறந்த வாயிலைக் கல்வித் தகுதி மீண்டும் ஒடுக்குகிறது. பள்ளி அளிக்கத் தவறிய அரசு, அத்தவற்றின் சுமையைக் குடிமக்கள்மேல் ஏற்றுகிறது. கல்வித் தகுதியை ஆதரிப்போர் எழுப்பும் கேள்வி பொருளற்றது அன்று. கணக்கு அறியாத உறுப்பினர் ஏமாற்றப்படலாம் என்பது உண்மையே. ஆனால் அதற்குரிய மருந்து விலக்கலா பயிற்றலா என்பதிலேயே மக்களாட்சியின் தன்மை அடங்கியுள்ளது. உத்திரமேரூர் வேதத்தைக் கேட்டது. இராசத்தான் பத்தாம் வகுப்பைக் கேட்டது. இரண்டும் வாயிலில் நின்று கேட்டவையே.

வாயிலைத் திறவாமலே விடுதல் மற்றொரு வகை விலக்கல். தமிழ்நாட்டின் நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு 2016-இல் நடந்திருக்கவேண்டிய தேர்தல் 2022 பிப்பிரவரியில் நடந்தது. பெங்களூர் மாநகராட்சி மன்றத்தின் காலம் 2020 செப்டம்பரிலும் மும்பை மாநகராட்சி மன்றத்தின் காலம் 2022 மார்ச்சிலும் முடிந்தபின், அந்நகரங்கள் ஆண்டுக்கணக்கில் நிருவாகிகளின் கையில் இருந்தன. மன்றமே இல்லாதவிடத்து உறுப்பினர் பயிற்சி பற்றிப் பேசுவதில் பொருளில்லை.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பின்வருவன பெறப்படுகின்றன.

நகர்மன்ற உறுப்பினரின் அறியாமை என்னும் சிக்கலுக்கு இந்திய வரலாறு விலக்கல், பயிற்றல் என்னும் இரு விடைகளைத் தந்துள்ளது. விலக்கல் ஒவ்வொரு முறையும் சமூகத்தின் கடைநிலையினரையே வெளியே நிறுத்தியுள்ளது. ரிப்பன் தீர்மானம் பயிற்றலைக் கொள்கையாக்கியது; ஆயினும் சொத்துரிமை சார்ந்த வாக்கு அதன் எல்லையைக் குறுக்கியது. விடுதலைக்குப் பின்னைய பயிற்சி நிறுவனங்கள் அலுவலரையே பெரிதும் நோக்கின. 74-ஆம் திருத்தம் வாயிலைத் திறந்தது. பயிற்றலை மாநிலங்களின் மனப்போக்கிற்கு விட்டது.

பயிற்சி பயன்பட வேண்டுமாயின் அது அதிகாரத்தோடும் நிதியோடும் ஒருங்கே வரவேண்டும் என்பதைக் கேரளச் சான்று காட்டுகிறது. செலவிடப் பணமில்லாத உறுப்பினருக்குத் திட்டமிடல் கற்பிப்பது நீரில்லாக் குளத்தில் நீச்சல் கற்பிப்பதை ஒக்கும். பயிற்சி உறுப்பினரின் தாய்மொழியில் அமைதலும், தேர்தலுக்குப் பின் ஒருமுறை நிகழும் உரையரங்காக முடியாமல் பதவிக்காலம் முழுவதும் துணையாகத் தொடர்தலும் வேண்டும்.

மொழி பற்றிய கூறு தமிழாய்வாளர்க்கு உரியது. ஸ்தல ஸ்தாபனம் என வழங்கியது உள்ளாட்சி ஆயிற்று. சொல் எளிதானபோது பொருளும் மக்களை அணுகியது. ஆனால் ஒப்பந்தம், தணிக்கை, நிதி ஒதுக்கீடு ஆகியவை பற்றிய ஆவணங்களின் நடை இன்னும் எளிய உறுப்பினர்க்கு எட்டாததாகவே உள்ளது. நகர்மன்றத் தீர்மானப் பதிவேடுகளின் மொழிநடை, அந்நடை காலந்தோறும் அடைந்த மாற்றம், உறுப்பினர் கையேடுகளின் சொல்லாட்சி ஆகியன விரிவான ஆய்விற்குரிய களங்கள். ஆட்சித்தமிழ் ஆய்வு இதுவரை தலைமைச் செயலகத்தையே மிகுதியும் நோக்கி வந்துள்ளது. அது வார்டு உறுப்பினரின் மேசைக்கும் வருமாயின், விலக்கப்பட்டோர்க்கு வாயில் திறக்கும் பணியில் மொழித்துறைக்கும் பங்கு உண்டாகும்.